இரு மடங்கு விதியும் இழப்பின் தேர்வும்: இலக்கமுறை ஒலிப்பதிவில் மாதிரி வீதம் குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தொடர்முறைச் சைகையை இலக்கமுறைக்கு மாற்றும்போது, அச்சைகையின் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கு மாதிரி வீதம் போதுமானது என்பது பரவலாகக் கற்பிக்கப்படும் விதி. இவ்விதி எந்த நிபந்தனையின்கீழ் உண்மையாகிறது, நடைமுறையில் எங்கே பொருந்தாது போகிறது, வழக்கிலுள்ள வீதங்கள் எக்காரணங்களால் நிலைபெற்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மாதிரி வீதத்தைத் தேர்ந்தெடுப்பது கணக்கீடு மட்டுமன்று. எதைக் கைவிடலாம் என்னும் முடிவும் அதில் அடங்கியுள்ளது. தமிழ்ப் பேச்சொலி ஆய்வையும் பழைய இசைத்தட்டுகளின் இலக்கமாக்கத்தையும் சான்றாகக் கொண்டு இக்கருத்து நிறுவப்படுகிறது. குறைவான வீதத்தால் நேரும் இழப்பும், மிகையான வீதத்தின்மேல் வைக்கப்படும் ஆதாரமற்ற நம்பிக்கையும் ஒருசேர மதிப்பிடப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: மாதிரி வீதம், நைக்விஸ்ட், ஷானன், போலி அதிர்வெண், வடிகட்டி, தமிழ் ஒலியியல், ஒலி ஆவணம்

முன்னுரை

பேச்சு, இசை, இதயத் துடிப்பின் மின்னலை ஆகியன காலத்தில் இடையறாது மாறுபவை. கணினியோ எண்களை மட்டுமே ஏற்கும். ஆகவே, சீரான இடைவெளியில் சைகையின் அளவைக் குறித்துக்கொண்டு அவ்வெண்களை வரிசையாகச் சேமிப்பதே இலக்கமாக்கத்தின் முதற்படி. ஒரு நொடியில் எத்தனை முறை அளவெடுக்கப்படுகிறது என்பதே மாதிரி வீதம்.

இவ்வீதம் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்ற வினாவுக்கு, 'உச்ச அதிர்வெண்ணின் இரு மடங்கு' என்ற ஒரே வரி விடை தேர்வுத்தாள்களிலும் ஆய்வேடுகளிலும் போதுமானதாகக் கருதப்படுகிறது. அவ்விடை பிழையன்று, முழுமையற்றது. சைகையின் உச்ச அதிர்வெண் ஏற்கெனவே தெரிந்த ஒன்று என அது எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் உச்ச அதிர்வெண் என்பது இயற்கை தருவதன்று. பதிவு செய்பவர் வகுப்பது. அந்த வரையறைக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதை விதி சொல்வதில்லை.

தமிழ்ப் பேச்சுத் தரவகங்கள், வட்டார வழக்குப் பதிவுகள், நாட்டுப்புறப் பாடற்பதிவுகள் ஆகியன இலக்க வடிவில் பெருகிவரும் இக்காலத்தில் இவ்வினா மின்னணுவியலார்க்கு மட்டும் உரியதன்று. ஒரு முதியவரின் பேச்சை ஒருமுறை குறைந்த வீதத்தில் பதிந்துவிட்டால், விடுபட்ட பகுதியைப் பின்னர் எக்கணக்கீட்டாலும் மீட்க இயலாது. மொழியாய்வாளரும் அறிந்திருக்க வேண்டிய முடிவாக மாதிரி வீதம் அமைவது இதனால்தான்.

விதியின் வரலாறும் நிபந்தனையும்

மாதிரித் தேற்றம் பொதுவாக ஹாரி நைக்விஸ்ட், கிளாட் ஷானன் ஆகிய இருவர் பெயரால் வழங்கப்பெறுகிறது. நைக்விஸ்ட் 1924, 1928 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளின் பொருள் தந்திச் செலுத்தம். குறிப்பிட்ட பட்டை அகலமுடைய தடத்தின் வழியே ஒரு நொடியில் எத்தனை தனித்தனித் துடிப்புகளை ஒன்றோடொன்று கலவாமல் அனுப்பலாம் என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல்; பட்டை அகலத்தின் இரு மடங்கு என்பது அவர் கண்ட விடை. தொடர்முறைச் சைகையை மாதிரிகளாக்கி மீட்டெடுப்பது பற்றி அவர் அங்குப் பேசவில்லை.

கணித வடிவம் வேறு வழிகளில் வந்தது. இ. டி. விட்டேக்கர் 1915இல் இடைச்செருகல் சார்புகளை ஆராய்ந்தபோது அதன் அடிப்படையை அமைத்தார். சோவியத் ஒன்றியத்தில் விளாடிமிர் கோட்டெல்னிக்கவ் 1933இல் தொலைத்தொடர்பு நோக்கில் அதனை வெளிப்படையாக எடுத்துரைத்தார். ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரை இத்தேற்றத்தைத் தகவல் கோட்பாட்டின் பகுதியாக்கியது; தொலைத்தொடர்புத் துறையினர் இதனை முன்பே அறிந்திருந்தனர் என்பதையும் அவர் அங்குக் குறிப்பிட்டார். ஆகவே இத்தேற்றம் ஒருவரின் தனிக் கண்டுபிடிப்பன்று. வெவ்வேறு தேவைகளிலிருந்து பலர் சென்றடைந்த முடிவு.

தேற்றத்தின் கூற்று இரு பகுதிகளைக் கொண்டது. ஒரு சைகையில் குறிப்பிட்ட எல்லைக்கு மேற்பட்ட அதிர்வெண் ஏதும் இல்லை என்பது முதற்பகுதி. அவ்வெல்லையின் இரு மடங்கு வீதத்தில் எடுத்த மாதிரிகள் சைகையை முழுமையாக வரையறுக்கும் என்பது இரண்டாம் பகுதி. கற்பித்தலில் இரண்டாம் பகுதி விதியாக நிற்கிறது, முதற்பகுதி மறைந்துபோகிறது. உண்மையில் தேற்றத்தின் முழுச் சுமையையும் தாங்குவது அந்த முதற்பகுதியே.

அந்நிபந்தனை எந்தப் பதிவிலும் முற்றாக நிறைவேறுவதில்லை. காலத்தில் தொடக்கமும் முடிவும் உடைய எந்தச் சைகையும் அதிர்வெண்ணில் வரையறுக்கப்பட்டதாக இருக்க முடியாது என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மை. எல்லாப் பதிவுக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. எனவே நடைமுறையில் மாதிரி எடுத்தல் எப்போதும் தோராயமே. எல்லைக்கு மேல் எஞ்சியுள்ள ஆற்றல் எவ்வளவு, அதனால் விளையும் பிழை நோக்கத்திற்கு ஏற்கத்தக்கதா என்பதே சரியான கேள்வி.

'இரு மடங்கு' என்னும் எண்ணின் போதாமை

சரியாக இரு மடங்கு வீதத்தில் என்ன நிகழும் என்பதை எளிய சான்றால் காணலாம். 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையை நொடிக்கு 2000 மாதிரிகள் வீதம் எடுப்பதாகக் கொள்க. மாதிரி எடுக்கும் கணங்கள் அலை சுழியத்தைக் கடக்கும் கணங்களோடு ஒன்றினால் எல்லா மாதிரிகளும் சுழியமாகும். ஒலி இருந்தும் பதிவில் அமைதியே நிற்கும். உச்சங்களோடு ஒன்றினால் முழு வீச்சும் கிடைக்கும். இடைப்பட்ட நிலைகளில் வீச்சு தவறாகத் தெரியும். ஆகவே வீதம் இரு மடங்குக்குச் சமமாக இருத்தல் போதாது, மிகுந்திருத்தல் வேண்டும்.

எவ்வளவு மிகுந்திருக்க வேண்டும் என்பதை வடிகட்டியே முடிவு செய்கிறது. மாதிரி வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் மாதிரி எடுக்குமுன் நீக்கப்படாவிடில், அவை மறைந்து போவதில்லை. கீழ் அதிர்வெண்களாக உருமாறிப் பதிவுக்குள் புகுந்துவிடும். நொடிக்கு 8000 மாதிரிகள் எடுக்கும்போது 5000 ஹெர்ட்ஸ் ஒலி 3000 ஹெர்ட்ஸாகவும், 6000 ஹெர்ட்ஸ் ஒலி 2000 ஹெர்ட்ஸாகவும், 7000 ஹெர்ட்ஸ் ஒலி 1000 ஹெர்ட்ஸாகவும் தோன்றும். இவை போலி அதிர்வெண்கள். பதிவு முடிந்தபின் உண்மையான 1000 ஹெர்ட்ஸையும் போலியான 1000 ஹெர்ட்ஸையும் எண்களைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை.

எந்த வடிகட்டியும் ஓர் எல்லையில் சுவர்போல் நின்றுவிடுவதில்லை. ஏற்கும் பட்டைக்கும் தடுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு சரிவு தேவைப்படும். அச்சரிவு குறுகும்தோறும் வடிகட்டி சிக்கலாகும். நிறுவப்பட்ட தரங்கள் எவையும் சரியாக இரண்டு என்ற விகிதத்தில் அமையாமைக்குக் காரணம் இதுவே. தொலைபேசியில் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பேச்சுக்கு வீதம் 8000. விகிதம் ஏறத்தாழ 2.35. குறுந்தகட்டில் 20,000 ஹெர்ட்ஸுக்கு 44,100, விகிதம் 2.2. அதே எல்லைக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் தொழில்முறைப் பதிவில் விகிதம் 2.4. விதி சொல்லும் 'இரண்டு' கோட்பாட்டு எல்லை மட்டுமே; அதனை வடிவமைப்பு எண்ணாகக் கொள்வது பிழை.

விதியின் மற்றொரு பகுதியான 'உச்ச அதிர்வெண்' என்பதும் மறுபரிசீலனைக்குரியது. சைகை சுழியத்திலிருந்து தொடங்காமல் ஓர் உயர்ந்த பட்டையில் மட்டும் இருக்குமாயின், தேவைப்படும் வீதத்தைப் பட்டையின் அகலமும் அதன் இருப்பிடமும் சேர்ந்து வரையறுக்கும். பண்பலை வானொலியின் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையைச் சான்றாகக் கொள்ளலாம். இரு மடங்கு விதிப்படி இதற்கு 216 மெகாஹெர்ட்ஸ் வீதம் வேண்டும். ஆனால் பட்டைக்கு வெளியே உள்ளவை நன்கு வடிகட்டப்பட்டால் 43.2க்கும் 44க்கும் இடைப்பட்ட வீதமே போதும். அதே வேளையில், வீதத்தை 50 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தினால் மீட்பு இயலாததாகிவிடும். 95, 105 ஆகிய இரு நிலையங்களும் 5 மெகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழும். மிகுதியான வீதம் எப்போதும் பாதுகாப்பானது என்ற எண்ணத்தை இச்சான்று நேரடியாக மறுக்கிறது.

வழக்கிலுள்ள வீதங்கள் நிலைபெற்ற விதம்

இன்று தரங்களாக ஏற்கப்பட்டுள்ள எண்கள் தேற்றத்திலிருந்து மட்டும் பிறந்தவையல்ல. தொலைபேசியின் 8000 என்ற எண்ணுக்குப் பின்புலம், அதற்கு முந்தைய தொடர்முறைப் பன்வழித் தொலைபேசி அமைப்பில் ஒவ்வோர் உரையாடலுக்கும் 4000 ஹெர்ட்ஸ் இடைவெளி ஒதுக்கப்பட்டிருந்தமை. அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1962இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த டி1 முறை 24 உரையாடல்களை ஒரே தடத்தில் செலுத்தியது. உரையாடல் ஒன்றுக்கு 8 பிட் வீதம் 192 பிட்டுகள். ஒத்திசைவுக்கு ஒரு பிட். ஆக மொத்தம் 193. அதனை 8000ஆல் பெருக்க நொடிக்கு 15,44,000 பிட்டுகள் ஆயின. பேச்சு விளங்க வேண்டும், தடத்தின் செலவு குறைய வேண்டும் என்ற இரண்டின் சமநிலையே இவ்வெண்.

குறுந்தகட்டின் 44,100 இன்னும் வியப்புக்குரியது. அக்காலத்தில் இவ்வளவு தரவைச் சேமிக்க எளிதில் கிடைத்த கருவி காணொளி நாடாப் பதிவி. ஒலி மாதிரிகள் காணொளிக் கோடுகளின் இடத்தில், கோட்டுக்கு மூன்றாகப் பதியப்பட்டன. நொடிக்கு 60 புலங்கள் கொண்ட முறையில் புலத்துக்குப் பயன்படும் கோடுகள் 245; நொடிக்கு 50 புலங்கள் கொண்ட முறையில் 294. இரண்டையும் மூன்றால் பெருக்கினாலும் கிடைக்கும் விடை 44,100. மனிதச் செவியின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் என்பது கீழ் வரம்பைத் தந்தது. துல்லியமான எண்ணைத் தந்தது தொலைக்காட்சி.

மருத்துவத்துறையிலும் இதற்கு இணை உண்டு. இதய மின்னலை ஆய்வில் பெரிதும் பயன்படும் எம்.ஐ.டி.–பி.ஐ.எச். தரவகம் நொடிக்கு 360 மாதிரிகளைக் கொண்டது. அதன் சைகைகள் 100 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டப்பட்டவை, விகிதம் 3.6. அமெரிக்க மின்வழங்கலின் 60 ஹெர்ட்ஸ் இரைச்சலை எளிய இலக்க வடிகட்டியால் நீக்க வசதியாக, 60இன் ஆறு மடங்காக 360 தேர்ந்தெடுக்கப்பட்டது. மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸாக உள்ள இந்தியாவில் 360 என்ற எண்ணுக்கு அந்த வசதி இல்லை. தரவகத்தை அடியொற்றித் தம் பதிவுக்கும் 360ஐத் தேர்வோர், அவ்வெண்ணின் காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் ஏற்கின்றனர்.

இம்மூன்று சான்றுகளும் ஒரு பொது உண்மையைக் காட்டுகின்றன. தேற்றம் கீழ் வரம்பைத் தருகிறது. வரம்புக்கு மேல் எங்கே நிற்பது என்பதைக் கருவி, செலவு, சூழல், நோக்கம் ஆகியன முடிவு செய்கின்றன. ஒரு தரத்தைப் பின்பற்றுவது அதன் நோக்கத்தையும் ஏற்றுக்கொள்வதாகும்.

தமிழ்ப் பேச்சொலியும் தொலைபேசி வீதமும்

தொலைபேசி வழியே திரட்டப்படும் பேச்சு 8000 என்ற வீதத்தைக் கொண்டிருக்கும்போது தமிழ் ஒலிகளில் எவை தப்பும், எவை இழக்கப்படும் என்பது ஒலியியல் ஆய்வுக்கு அடிப்படையான வினா. தமிழின் தனித்தன்மையாகப் போற்றப்படும் ழகரம் போன்ற நுண்ணொலிகளே முதலில் கெடும் என எண்ணத் தோன்றும். ஒலியியற் சான்று அவ்வெண்ணத்தை ஆதரிக்கவில்லை.

ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்து ஒலிகளையும் காந்த அதிர்வுப் படிமம் உள்ளிட்ட முறைகளால் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகேல் கான் ஆகியோர் ஆராய்ந்து 1999இல் வெளியிட்டனர். இவ்வொலிகளின் வேறுபாடு நாவின் வடிவத்தாலும், அதனால் வாய்க்குழியில் உருவாகும் ஃபார்மண்ட் எனப்படும் ஒத்ததிர்வுப் பட்டைகளின் அமைவாலும் விளைவது. இரண்டாம், மூன்றாம் ஒத்ததிர்வுப் பட்டைகளே இங்கு முதன்மையானவை. வளர்ந்தோர் பேச்சில் அவை பெரும்பாலும் தொலைபேசியின் 3400 ஹெர்ட்ஸ் எல்லைக்குள் அடங்கும். உயிரொலிகளின் நிலையும் இதுவே. ஆகவே ழகர ளகர வேறுபாட்டின் அடிப்படைத் தடயம் தொலைபேசி வீதத்திலும் பேரளவு எஞ்சும்.

இழப்பு உரசொலிகளில் நேர்கிறது. சொல்லிடையிலும் பலர் வழக்கில் சொன்முதலிலும் சகரம் உரசொலியாக ஒலிக்கிறது. இவ்வுரசொலியின் ஆற்றல் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது; பெண்கள், சிறுவர்கள் பேச்சில் அது இன்னும் உயர்ந்து 8000 ஹெர்ட்ஸை எட்டும், சில வேளை கடக்கும். தொலைபேசியில் 'எஸ்', 'எஃப்' என்னும் எழுத்துப் பெயர்களைக் கேட்போர் மயங்குவதற்கும், பெயரை உச்சரிப்போர் எடுத்துக்காட்டுச் சொல்லால் எழுத்தை விளக்க நேர்வதற்கும் இதுவே காரணம். ஃபகரமும் ஸகரமும் வேறுபடும் பகுதி வடிகட்டியால் நீக்கப்பட்டுவிடுகிறது.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, குறைந்த வீதத்தின் இழப்பு எல்லா ஒலிகளுக்கும் எல்லாப் பேச்சாளர்க்கும் சமமாக அமைவதில்லை. சகர வேறுபாடுகளை வட்டாரம், சமூகம், பால் அடிப்படையில் ஆராயும் ஒருவர் தொலைபேசிப் பதிவைப் பயன்படுத்தினால், ஆய்வுக்குரிய தடயமே அகன்ற தரவை ஆராய்பவராவார். பெண்களின் பேச்சில் அவ்விழப்பு மிகுதியாக இருப்பதால், கருவியின் விளைவைப் பால் வேறுபாடு எனப் பிழையாக உணரவும் கூடும். இரண்டாவது, ஒரே பதிவு ஓர் ஆய்வுக்குப் போதுமானதாகவும் மற்றோர் ஆய்வுக்குப் போதாததாகவும் இருக்கலாம். உயிரொலி நீளத்தை அளப்பவர்க்கு 8000 பெருந்தடையன்று. சொற்களை இனங்காணும் மென்பொருள்களில் வழக்கமான 16,000 வீதம் 8000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஆற்றலை ஏற்கத்தக்கது; பெரும்பாலான பணிகளுக்கு அது பொருந்தும். உரசொலியின் ஒலியியல் விவரிப்புக்கு 44,100 அல்லது அதற்கு மேற்பட்ட வீதமே தக்கது.

வடிகட்டாமல் வீதத்தைக் குறைக்கும் வழக்கம் இதனினும் தீயது. 48,000 வீதத்தில் உள்ள பதிவை 8000ஆக்க, ஆறு மாதிரிகளுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நிரலெழுத எளிது. அவ்வாறு செய்தால் சகரத்தின் 6000, 7000 ஹெர்ட்ஸ் ஆற்றல் முறையே 2000, 1000 ஹெர்ட்ஸில் வந்து விழும். அவ்விடங்கள் உயிரொலிகளின் ஒத்ததிர்வுப் பட்டைகளுக்கு உரியவை. அப்பதிவில் கிடைக்கும் அளவுகள் வாயில் நிகழ்ந்தவற்றைக் காட்டுவன அல்ல. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் போயர்ஸ்மா, டேவிட் வீனிங்க் உருவாக்கிய பிராட் மென்பொருள், ஒத்ததிர்வுப் பட்டைகளை அளக்குமுன் உரிய வடிகட்டலுடன் மாதிரி வீதத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. பெண் குரலுக்கு 5500, ஆண் குரலுக்கு 5000 ஹெர்ட்ஸ் என மேல் வரம்பைக் குறிக்கும்படி பயனரிடம் அது வேண்டுவதும் மாதிரி வீதத் தேர்வின் ஒரு வடிவமே. அவ்வெண்ணை மாற்றாமல் எல்லாக் குரலுக்கும் ஒன்றையே பயன்படுத்தும் ஆய்வு, தான் ஒரு தேர்வைச் செய்திருப்பதையே அறிவதில்லை.

மிகையான வீதம் குறித்த மயக்கங்கள்

குறைவின் தீமையை அறிந்தோர் மறுமுனைக்குச் செல்வதும் உண்டு. 96,000, 192,000 என வீதம் உயரும்தோறும் பதிவு மூலத்தை நெருங்கும் என்ற நம்பிக்கை அத்தகையது. இதற்கு அடித்தளமாக அமைவது, இலக்கமுறைச் சைகையைப் படிக்கட்டு வடிவில் வரைந்து காட்டும் பழக்கம். மாதிரி நெருங்கினால் படி சிறிதாகும், படி சிறிதானால் வளைவு மென்மையாகும் என அப்படம் உணர்த்துகிறது. தேற்றம் கூறுவது வேறு. மாதிரிகள் படிகள் அல்ல. கணங்களில் நிற்கும் புள்ளிகள். மீட்பு வடிகட்டி அப்புள்ளிகளின் வழியே செல்லக்கூடிய, பட்டை வரையறைக்குட்பட்ட ஒரே வளைவை உருவாக்குகிறது. எல்லைக்குட்பட்ட சைகைக்கு மாதிரிகளை இன்னும் நெருக்குவதால் அவ்வளவு வளைவு மாறுவதில்லை.

இரண்டாம் மயக்கம் காலநுட்பம் பற்றியது. 44,100 வீதத்தில் இரு மாதிரிகளுக்கு இடையே ஏறத்தாழ 22.7 மைக்ரோநொடி உள்ளது. அதனினும் சிறிய கால வேறுபாட்டைப் பதிவு காட்டாது எனச் சிலர் வாதிடுவர். இரு செவிகளை அடையும் ஒலியின் மிகச் சிறு கால வேறுபாட்டைக் கொண்டு மனிதர் திசையறிவதால் அவ்வாதம் வலிமையுடையதாகத் தோன்றும். ஆயினும் ஒரு சைகை ஒரு மைக்ரோநொடி பிந்தினாலும் அதன் எல்லா மாதிரிகளின் அளவுகளும் மாறும். மீட்கப்பட்ட வளைவு அதே அளவு பிந்தி நிற்கும். கால வேறுபாட்டின் நுட்பத்தைக் கட்டுப்படுத்துவது மாதிரி இடைவெளி மட்டுமன்று. இரைச்சலும் அளவுநுட்பமும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன.

கேட்டல் ஆய்வுகளின் முடிவு மிதமானது. மேயர், மோரன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்வீதப் பதிவையும் அதனைக் குறுந்தகட்டுத் தரத்தின் வழியே செலுத்திய வடிவையும் கேட்டோர் தற்செயலுக்கு மேல் வேறுபடுத்த இயலவில்லை. ஜோஷ்வா ரைஸ் 2016இல் பல ஆய்வுகளை ஒருங்கிணைத்துச் செய்த பகுப்பாய்வில் சரியான விடைகள் நூற்றுக்கு 52.3 என அமைந்தன. இது புள்ளியியல் நோக்கில் தற்செயலன்று. ஆனால் பாதியைச் சற்றே கடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் உயர்வீதத்தின் பயன் முற்றிலும் இல்லை என்றோ, பெரிது என்றோ கூற இடமில்லை.

உயர்வீதத்துக்கு விலையும் உண்டு. 44,100 வீதம், 16 பிட், இருதடம் என்ற அமைப்பில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 635 மெகாபைட். 96,000 வீதம், 24 பிட் என்றால் ஏறத்தாழ 2.07 கிகாபைட். சிறு நிறுவனம் ஒன்றின் சேமிப்புத் திறன் வரையறைக்குட்பட்டதாயின், மும்மடங்கு இடம் என்பது மூன்றில் இரு பங்கு பதிவுகளைக் கைவிடுவதாக முடியலாம். பேச்சாளர் ஒருவரை விட்டுவிடுவதும் இழப்பே. அது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டையை விடுவதினும் பெரிய இழப்பு.

உயர்வீதத்தின் உண்மையான பயன் வேறிடத்தில் உள்ளது. வீதம் உயர்ந்தால் தொடர்முறை வடிகட்டியின் சரிவு அகலலாம், கருவி எளிதாகும். இக்கால மாற்றிகள் முதலில் மிக உயர்ந்த வீதத்தில் மாதிரி எடுத்து, இலக்க வடிகட்டியால் செப்பம் செய்து, பின் தேவையான வீதத்துக்கு இறங்குகின்றன. எடுக்கும் வீதமும் சேமிக்கும் வீதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். இவ்வேறுபாட்டை உணராதோர், மாற்றிக்கு நன்மையான உயர்வீதத்தைக் கோப்புக்கும் நன்மையெனக் கருதுகின்றனர்.

பழைய இசைத்தட்டும் சைகையின் வரையறையும்

மேற்கண்ட வாதத்துக்கு எதிரானதுபோல் தோன்றும் ஒரு நடைமுறை உண்டு. மின்னொலிப்பதிவு வணிக வழக்குக்கு வந்தது 1925இல். அதற்கு முன் கூம்புவாயில் பாடிப் பதியப்பட்ட இசைத்தட்டுகளின் ஒலி மிகக் குறுகிய பட்டையில் அடங்கியது. இரு மடங்கு விதிப்படி அவற்றுக்கு மிகக் குறைந்த வீதமே போதும். ஆயினும் ஒலி, காட்சி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டு அமைப்பான ஐஏஎஸ்ஏ தன் வழிகாட்டியில் எல்லாத் தொடர்முறை ஒலி மூலங்களுக்கும் குறைந்தது 48,000 வீதமும் 24 பிட்டும் பரிந்துரைக்கிறது. காப்பகங்களில் 96,000 வீதமும் வழக்கிலுள்ளது.

இது முரண்பாடன்று. ஆவணக் காப்பாளர்க்கு இசைத்தட்டில் உள்ள சைகை பாடகரின் குரல் மட்டுமன்று. தட்டின் கீறல், வெடிப்பொலி, ஊசி உராய்வு ஆகியனவும் சேர்ந்ததே. கீறலின் வெடிப்பொலி மிகக் குறுகிய காலமுடையது. ஆகவே அதன் அதிர்வெண் பட்டை மிக அகன்றது. அதனைக் கூர்மையாகப் பதிந்தால், பின்னர் மென்பொருள் அதனை இனங்கண்டு குரலுக்கு ஊறின்றி நீக்க முடியும். குறைந்த வீதத்தில் பதிந்தால் வெடிப்பொலி பரந்து மழுங்கிக் குரலோடு கலந்துவிடும். இரைச்சலை நீக்குவதற்காகவே இரைச்சலை முழுமையாகப் பதிய வேண்டியுள்ளது. சுவடியைப் பதிப்பிப்போர் ஏட்டின் சிதைவையும் எழுத்து மயக்கத்தையும் திருத்துமுன் குறித்து வைப்பதோடு இதனை ஒப்பிடலாம். எதிர்காலப் பதிப்பாசிரியர்க்குத் திருத்தத்தின் அடிப்படை கிடைக்க வேண்டும் என்பதே இரண்டின் நோக்கமும்.

ஆகவே பேச்சாய்வாளரும் காப்பாளரும் ஒரே விதியைப் பயன்படுத்தி வெவ்வேறு எண்களை அடைகின்றனர். வேறுபடுவது கணிதமன்று, சைகை எது, இரைச்சல் எது என்ற வரையறை.

முடிவுரை

இரு மடங்கு விதி கைவிடத்தக்கதன்று. அதற்குரிய இடத்தில் வைக்கத்தக்கது. அது எல்லையைச் சொல்கிறது; தேர்வைச் சொல்வதில்லை. தேர்வுக்கு முன் மூன்று கேள்விகள் எழ வேண்டும். ஆய்வின் நோக்கத்துக்கு எந்த அதிர்வெண் வரை தேவை? அதற்கு மேற்பட்ட ஆற்றலை நீக்கும் வடிகட்டிக்கு எவ்வளவு சரிவு வேண்டும்? இப்பதிவை வேறு நோக்கத்துடன் பின்னர் அணுகுவோர்க்கு எதை விட்டுவைக்க வேண்டும்? இவற்றுள் முதலிரண்டும் பொறியியல் சார்ந்தவை; மூன்றாவது ஆய்வறம் சார்ந்தது.

கற்பித்தலிலும் ஒரு மாற்றம் தேவை. விதியை எண்ணாக ஒப்பிக்கச் செய்வதினும், வடிகட்டியுடனும் வடிகட்டியின்றியும் சகர ஒலியொன்றை 8000 வீதத்துக்கு இறக்கிக் கேட்கச் செய்வது பயன்மிக்கது. போலி அதிர்வெண்ணை ஒருமுறை செவியால் கேட்ட மாணவர் நிபந்தனையை மறப்பதில்லை.

தமிழ்ப் பேச்சுத் தரவகங்களைத் தொகுப்போரும் ஆய்வேடுகளில் பயன்படுத்துவோரும் மூன்று விவரங்களைத் தவறாது குறிப்பிடுதல் நலம்: முதற்பதிவின் மாதிரி வீதம், வடிகட்டியின் எல்லை, இடையில் செய்யப்பட்ட வீத மாற்றங்கள். கோப்பின் தலைப்பில் 48,000 என்றிருப்பது மட்டும் சான்றாகாது. தொலைபேசிப் பதிவை 48,000ஆக உயர்த்திச் சேமித்தாலும் தலைப்பு அவ்வாறே காட்டும். நிறமாலைப் படத்தில் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் வெறுமை தெரியும்போதுதான் உண்மை வெளிப்படும். அப்படத்தை ஒருமுறை நோக்கிய பின்னரே அளவீட்டைத் தொடங்குவது, இழக்கப்பட்டதை இல்லாததாகக் கருதும் பிழையிலிருந்து ஆய்வைக் காக்கும்.